பாக்கெட் எதுவரை வந்தது?

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் 1976-ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பெருமையை அறியாதவர் தென்னாட்டில் சிலரே. ஆனால், கணினிக்கும் கணினிக்கும் இடையே ஓடும் செய்தித் துணுக்குகள், அதாவது பாக்கெட்டுகள், ஏன் வழியில் காணாமற் போகின்றன என்னும் நுட்பமான ஆராய்ச்சிக்கும் அந்த மருத்துவமனை ஒரு காலத்தில் களமாக இருந்தது என்பது பலர் அறியாத விஷயம். தேனியிலுள்ள அரவிந்த் மருத்துவமனையையும், ஆண்டிபட்டி, போடி முதலிய சுற்றுப்புறத்து ஊர்களில் விஷன் சென்டர் என்ற பெயரால் வழங்கும் சிறு கண் பரிசோதனை நிலையங்களையும் கம்பியில்லாத வைஃபை இணைப்பினால் சேர்த்து, கிராமத்து நோயாளி தம் ஊரை விட்டு நகராமலே டாக்டரை முகம் பார்த்துப் பேசும்படி செய்யவேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேராசிரியர் எரிக் புரூவரின் குழுவினர், இற்றைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, அரவிந்த் நிர்வாகத்தாரோடு கூடி உழைத்தார்கள்.

தூரத்திலிருந்து கண்ணைப் பார்ப்பது மதுரைச் சீமைக்கு அப்போது முற்றிலும் புதிய எண்ணம் அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையைக் கொண்டு மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இணைய நிலையங்கள் அதற்கு முன்பே ஏற்பட்டிருந்தன; அவற்றிலிருந்து கிராமவாசிகளின் கண்களைப் படமெடுத்து அரவிந்த் டாக்டர்களுக்கு அனுப்பிய அனுபவமும் உண்டு. தேனியில் புதுமையாக இருந்தது, கையாண்ட சாதனங்களின் எளிமைதான். கடையில் விற்கும் சாதாரண வைஃபை கார்டு, ஒரே திசையை நோக்கி நிற்கும் ஆன்டெனா, உயரமான கம்பம், லினக்ஸ் ஓடும் சிறிய கணினிப் பலகை ஒன்று: இவ்வளவே சாமான். லைசென்ஸ் கட்டணம் இல்லை; ஒவ்வொரு மாதமும் தொலைபேசிக் கம்பெனிக்கு அழவேண்டிய வாடகையும் இல்லை.

சாமான் எளிமையாக இருந்ததே தவிர, இணைப்பு எளிதில் வசப்படவில்லை. வைஃபை என்னும் முறை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் வழங்குவதற்காக அமைக்கப்பட்டது. அதன் விதிப்படி, ஒரு பாக்கெட்டைப் பெற்றுக்கொண்ட கருவி, பெற்றுக்கொண்டேன் என்று உடனே ஒரு சிறு பதிலை அனுப்பவேண்டும். குறித்த நேரத்துக்குள் அந்தப் பதில் வராவிட்டால், அனுப்பிய கருவி தன் பாக்கெட் தொலைந்துவிட்டது என்று தானே தீர்மானித்துக்கொண்டு அதையே மறுபடியும் அனுப்பத் தொடங்கும். ரேடியோ அலை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3.3 மைக்ரோ வினாடி ஆகும். ஓர் அறைக்குள் இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 15 கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்கு 100 மைக்ரோ வினாடி ஆகிறபோது, பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்பொழுதே அனுப்பியவன் பொறுமை இழந்துவிடுகிறான். பாக்கெட் உண்மையில் போய்ச் சேர்ந்துவிட்டது, பதிலும் புறப்பட்டுவிட்டது. ஆயினும் அனுப்பிய பக்கத்துக் கணக்கில் அது தொலைந்த பாக்கெட்டாகவே எழுதப்படுகிறது. போதாக்குறைக்கு, ஒரே கம்பத்தில் இரண்டு திசைகளுக்கு இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால், ஒன்று ஒலிபரப்பும்போது அதன் இரைச்சலில் மற்றொன்றுக்கு வருகிற பாக்கெட் காதில் விழாமற் போகிறது.

புரூவரின் குழுவினர் இவற்றையெல்லாம் ஊகத்தினால் கண்டுபிடிக்கவில்லை. அனுப்பியது எத்தனை, மறுமுனையில் வந்தது எத்தனை, பதில் திரும்பியது எத்தனை என்று இரு பக்கத்திலும் எண்ணி, எண்ணிக்கைகளை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டார்கள். பிறகு, ஒவ்வொரு முனைக்கும் பேச ஒரு நேரம், கேட்க ஒரு நேரம் என்று முறை வகுத்து, பாக்கெட்டுக்கு ஒரு பதில் என்பதை மாற்றிப் பல பாக்கெட்டுகளுக்குச் சேர்த்து ஒரு பதில் என்று ஆக்கி, லினக்ஸிலேயே ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தார்கள். வைல்ட்நெட் என்று அதற்குப் பெயரிட்டு 2007-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், பழைய முறையைக் காட்டிலும் 2 முதல் 5 மடங்கு வரை கூடுதலான வேகம் கிடைத்ததாகக் குறித்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதே குழுவினர் எழுதிய மற்றொரு கட்டுரையோ இன்னும் சுவாரசியமானது. வேகப் பிரச்சினை தீர்ந்தபின் தேனியில் அவர்களை அதிகமாக அலைக்கழித்தது மின்சாரம். கிராமத்து மின்சாரம் திடீரென்று ஏறியும் இறங்கியும் வந்ததனால் கருவிகள் கெட்டன. தாழ்ந்த மின்னழுத்தத்தில் ரௌட்டர்கள் பாதி உயிரோடு மயங்கிக் கிடந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றதால் நினைவு அட்டைகள் பழுதாயின. திரையில் டாக்டரின் முகம் தெரியாதவருக்கு இணைப்பு போய்விட்டது என்பது ஒன்றுதான் தெரியும். காரணமோ ஆன்டெனாவிலும் இல்லை, வைஃபையிலும் இல்லை, சுவரிலுள்ள பிளக்கில் இருந்தது.

இந்த வரலாற்றை நான் விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு புரோகிராமுக்குப் பாக்கெட் வரவில்லை என்று புகார் எழும் இடமும், உண்மையில் பழுது இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் படிப்படியாக நடந்து பார்ப்பவனே பழுதைக் காண்கிறான். அந்த நடையை நம்முடைய கல்லூரிகள் கற்பிப்பதில்லை, நம்முடைய அலுவலகங்கள் பொறுப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். இது கணினிக்காரர்களின் சொந்த விஷயம் என்று வாசகர் ஒதுக்கிவிட வேண்டாம். சான்றிதழ் வாங்க வந்து கவுண்ட்டரில் “சர்வர் டவுன், நாளைக்கு வாங்க” என்ற பதிலோடு பஸ் ஏறித் திரும்பும் ஒவ்வொரு பிரஜைக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

எவ்வாறு நடந்து பார்ப்பது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு நூற்பாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். யந்திரம் ஒவ்வொன்றும் தான் சுற்றிய சுற்றுக்களின் கணக்கைச் சிறு சிறு பாக்கெட்டுகளாக ஒரு லினக்ஸ் கணினிக்கு அனுப்புகிறது. அந்தக் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள்: ஒன்று யந்திரங்கள் இருக்கும் பக்கத்துக்கு, மற்றொன்று அலுவலகத்துக்கும் வெளியுலகத்துக்கும். இத்தனை நாளாகச் சரியாக நடந்துவந்த கணக்கு, புதிய ஷெட்டில் நிறுவிய யந்திரங்களை வேறொரு ரௌட்டர் வழியாகச் சேர்த்த மறுநாள், அந்த யந்திரங்களுக்கு மட்டும் பூஜ்யம் காட்டுகிறது. மானேஜர் புரோகிராம் எழுதியவரைக் குற்றம் சொல்கிறார். புரோகிராம் எழுதியவர் நெட்வொர்க் ஆளைக் கைகாட்டுகிறார். நெட்வொர்க் ஆள் கேபிளை ஆட்டிப் பார்த்துவிட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார். ரீஸ்டார்ட் செய்தும் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கிறது.

பெரியாறு பாசனத்தில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், அனுபவமுள்ள விவசாயி அணையைத் திட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரமாகவே மேலே நடந்து, இந்த மடை வரையில் தண்ணீர் இருக்கிறதா, அடுத்த மடையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறார். தண்ணீர் இருக்கும் மடைக்கும் இல்லாத மடைக்கும் நடுவில்தான் உடைப்போ அடைப்போ இருக்கவேண்டும். லினக்ஸ் கணினிக்குள் வரும் பாக்கெட்டுக்கும் இத்தகைய மடைகள் உண்டு. ஒவ்வொன்றிலும், கடந்தது எத்தனை, கைவிடப்பட்டது எத்தனை என்று எண்ணி வைக்கும் கணக்குப் புத்தகமும் உண்டு. ஆனால் கேட்டால் ஒழிய அந்தக் கணக்கை அது வாய்திறந்து சொல்லாது.

முதல் மடை நெட்வொர்க் கார்டு. கேபிள் பழுது, கெட்டுப்போன பாக்கெட், இடமில்லாமல் தவறவிட்ட பாக்கெட் ஆகியவற்றின் எண்ணிக்கையை ஈத்டூல் என்னும் கட்டளை காட்டும். நமது ஆலையில் அங்கே பிழை ஒன்றும் இல்லை. அடுத்தபடியாக டிசிபிடம்ப் என்னும் கருவி. வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகிய மூவர் பெர்க்லியிலுள்ள லாரன்ஸ் ஆராய்ச்சிச்சாலையில் 1980-களின் இறுதியில் எழுதிய இந்தக் கருவி, கார்டின் வழியாக உள்ளே வருவனவற்றை வந்தபடியே திரையில் எழுதிக் காட்டுகிறது. நமது ஆலையில் அதை ஓட்டிப் பார்த்தால், புதிய ஷெட்டு யந்திரங்களின் பாக்கெட்டுகள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருப்பது தெரிகிறது. இங்கேதான் அனுபவமில்லாதவர்கள் இடறிவிடுகிறார்கள். பாக்கெட் வருவது கண்ணுக்குத் தெரிகிறது, புரோகிராமுக்கோ வரவில்லை. ஆகவே குற்றம் புரோகிராமில்தான் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். டிசிபிடம்ப் பார்ப்பது வாசலிலே வந்த பாக்கெட்டை. புரோகிராம் இருப்பதோ உள்ளறையில். இடையிலே ஃபயர்வால் இருக்கிறது, வழித்தீர்மானம் இருக்கிறது, இன்னும் சில சோதனைகள் இருக்கின்றன. அத்தனையும் டிசிபிடம்ப் பார்த்த பிறகே நிகழ்கின்றன. வாசலில் கண்டதைக் கொண்டு உள்ளே நடந்ததை முடிவு கட்டுவது நியாயமாகாது.

இந்தக் கருவியைப் பற்றி இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். அது ஓடத் தொடங்கும்போது, தனக்கென்று முகவரியிட்டு வராதவற்றையும் உள்ளே விடும்படி கார்டுக்கு உத்தரவிடுகிறது. ஆகவே, பலருக்கும் ஒருங்கே அனுப்பப்படும் மல்ட்டிகாஸ்ட் பாக்கெட்டுகளை எதிர்பார்க்கும் சில புரோகிராம்கள், டிசிபிடம்ப் ஓடும்போது மட்டும் ஒழுங்காக வேலை செய்து, அதை நிறுத்தியவுடன் மறுபடியும் ஊமையாகிவிடுவது உண்டு. சோதிப்பவரின் பார்வையே சோதிக்கப்படும் பொருளை மாற்றிவிடும் இந்த நிலையில், அந்த மாற்றமே பழுது எங்கே இருக்கிறது என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது: வடிகட்டுவது கார்டுதான், அதற்கு மேலே எதுவும் அல்ல.

நமது ஆலைக்குத் திரும்புவோம். அடுத்த மடை ஃபயர்வால். அதன் ஒவ்வொரு விதிக்கு எதிரிலும், அந்த விதியில் பட்ட பாக்கெட்டுகள் எத்தனை என்ற எண் இருக்கும். பாக்கெட் உள்ளே நுழைந்தவுடன் பார்க்கும் முதல் அட்டவணையில் எண் ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் கணினிக்கே உரியவை என்று தீர்மானித்தபின் பார்க்கும் அட்டவணையிலோ எண் அசையவில்லை. அப்படியானால் ஃபயர்வால் எதையும் தடுக்கவில்லை. இரண்டு அட்டவணைக்கும் நடுவிலே, வழித்தீர்மானம் செய்யும் இடத்தில், பாக்கெட் மறைகிறது. என்ஸ்டாட் என்னும் கட்டளையைக் கேட்டால், ரிவர்ஸ் பாத் ஃபில்டர் என்ற பெயருக்கு எதிரே ஓர் எண், யந்திரங்கள் பாக்கெட் அனுப்பும் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருப்பது தெரியும். களவு பிடிபட்டது.

இந்த ஃபில்டர் செய்யும் வேலை இது. ஒரு பாக்கெட் ஒரு கார்டின் வழியாக உள்ளே வரும்போது, இதை அனுப்பியவருக்கு நான் பதில் எழுதினால் அந்தப் பதில் எந்தக் கார்டின் வழியாகப் போகும் என்று லினக்ஸ் தன் வழிப்பட்டியலைப் பார்க்கிறது. வந்த வழியும் போகும் வழியும் ஒன்றானால் சரி. வேறானால், அனுப்புநர் முகவரி பொய்யாக இருக்கலாம் என்று கருதி அதை ஓசைப்படாமல் கைவிட்டுவிடுகிறது. புதிய ஷெட்டின் முகவரிகளுக்கு எந்த வழி என்று அந்தக் கணினியின் பட்டியலில் யாரும் எழுதவில்லை. பெயர் தெரியாத ஊருக்கெல்லாம் அலுவலகக் கார்டுதான் வழி என்பது அதன் பொதுவிதி. பாக்கெட்டோ யந்திரப் பக்கத்துக் கார்டின் வழியாக வருகிறது. ஆகவே சந்தேகம்; ஆகவே நிராகரிப்பு. இப்படி வரும் பாக்கெட்டுகளைச் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவை என்று பொருள்படும் மார்ஷியன் என்ற பெயரால் லினக்ஸ் குறிப்பிடுவது வழக்கம். குறித்து வைக்கும்படி ஓர் அமைப்பை மாற்றிவிட்டால், அந்தப் பெயரோடு அனுப்புநர் முகவரியையும் தன் நாட்குறிப்பில் எழுதியே காட்டும். புதிய ஷெட்டுக்கு வழி இன்னது என்று பட்டியலில் ஒரே ஒரு வரி சேர்த்தால் காரியம் முடிந்தது.

நோய் எப்போதும் இதுவாகவே இருக்கும் என்பதில்லை. வேறு சமயங்களில், பாக்கெட் எல்லா மடைகளையும் கடந்து கடைசி இடத்துக்கு வந்தும் புரோகிராம் அங்கே காத்திருப்பதில்லை. தன் கணினிக்குள்ளிருந்து வருவதை மட்டும் கேட்கும் 127.0.0.1 என்ற முகவரியில் அது காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வந்த பாக்கெட், இந்த போர்ட்டில் யாரும் இல்லை என்ற கணக்கில் எழுதப்படும். இன்னும் சில சமயங்களில், புரோகிராம் சரியான இடத்திலேயே இருந்தும், வந்ததை எடுத்துக்கொள்ள நேரமில்லாமல் டேட்டாபேஸில் எழுதிக்கொண்டிருக்கும். அதற்கென்று லினக்ஸ் ஒதுக்கும் இடம் பெரும்பாலான கணினிகளில் 2,12,992 பைட்டுகள். அது நிரம்பினால் மேற்கொண்டு வருவன கீழே சிந்திப் போகும். ஜான் போஸ்டெல் 1980-ஆம் ஆண்டில் மூன்றே பக்கங்களில் வகுத்துத் தந்த யூடிபி என்னும் முறையில், சிந்தியதை மறுபடி அனுப்பும் கடமை யாருக்கும் இல்லை. ஆனால் சிந்தியதற்கும் கணக்கு இருக்கிறது, கேட்டவருக்குக் கிடைக்கும்.

இவ்வளவும் வாசகருக்கு நுட்பமாகத் தோன்றலாம். ஆனால் இதிலுள்ள தர்க்கம் ஒரே வாக்கியம்: எதுவரை வந்தது என்பதை முதலில் நிச்சயப்படுத்து, ஏன் வரவில்லை என்பதைப் பிறகு கேள். இந்த ஒரு வாக்கியத்துக்கு நம்மிடையே பலமான விரோதிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

முதல் விரோதி ரீஸ்டார்ட். அதை முற்றிலும் பழிக்க நான் முன்வரவில்லை. விஷன் சென்டரில் நோயாளி கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, தர்க்கம் பேசிக்கொண்டு அரை நாளைக் கழிக்க எவருக்கும் உரிமை இல்லை. அப்போது வேலையை நடத்தி வைப்பதே தர்மம். ஆயினும் கணினியை நிறுத்திக் கிளப்பினால், மேலே சொன்ன கணக்குப் புத்தகங்களின் எண்கள் எல்லாம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகின்றன என்பதை மறக்கலாகாது. எந்த மடையில் எத்தனை பாக்கெட் மறைந்தது என்ற சாட்சியம் அழிந்துபோகிறது. அடுத்த வாரம் அதே பழுது வரும்போது, முதல் நாள் நின்ற இடத்திலேயே மறுபடியும் நிற்கவேண்டியதுதான். மூன்று நான்கு கட்டளைகளின் விடைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு ரீஸ்டார்ட் செய்வதற்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. அந்த நிமிஷத்தைச் செலவிடாத அவசரத்துக்குச் சேவை என்று பெயர் சூட்டுவதை நான் ஒப்புக்கொள்ள இயலாது.

இரண்டாவது விரோதி முன்னதைவிட ஆபத்தானவர். ஏனெனில் அவர் வெற்றியின் வேஷத்தில் வருகிறார். ஃபயர்வாலை அணைத்துவிடு, ஃபில்டரை எல்லாக் கார்டுகளுக்கும் எடுத்துவிடு, புரோகிராமை ரூட் அதிகாரத்தோடு ஓட்டு, எல்லாம் சரியாகிவிடும் என்பது அவருடைய உபதேசம். சொன்னபடி செய்தால் பெரும்பாலும் பாக்கெட் வந்துவிடும். நமது ஆலையிலும் வந்துவிடும். ஆனால், எது தடையாக இருந்தது என்பது தெரியாமலே எல்லாத் தடைகளும் நீங்கிவிட்டன. பொய் முகவரியிட்ட பாக்கெட்டுகளால் இணையத்தில் பெரிய தாக்குதல்கள் நிகழ்ந்ததைக் கண்டு, அத்தகையவற்றை நுழையும் இடத்திலேயே தடுக்கவேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் நிபுணர்கள் ஓர் ஏற்பாட்டை எழுதி வைத்தார்கள். அதே நோக்கத்தின் ஒரு பகுதிதான் லினக்ஸிலுள்ள இந்த ஃபில்டர். ஒரு வரி வழிப்பட்டியலில் தீரவேண்டிய பிரச்சினைக்கு அதை மொத்தமாக எடுத்தெறிபவர், பழுதை நீக்கவில்லை. பழுதின் அறிகுறியை நீக்கிவிட்டு வேறு ஒரு பழுதுக்கு இடம் செய்து வைத்திருக்கிறார். அது வெளிப்படும் நாளில் அவர் வேறு கம்பெனியில் இருப்பார்.

இவ்விரு விரோதிகளும் எங்கிருந்து பலம் பெறுகிறார்கள் என்று யோசித்தால், பதில் நம் வகுப்பறைகளில் இருக்கிறது. மதுரைக்குப் பொறியியல் கல்வி நேற்று வந்ததல்ல. தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அதன் பின்னர் நகரைச் சுற்றிலும் எத்தனையோ கல்லூரிகள் எழுந்துவிட்டன; இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களும் ஏற்பட்டுவிட்டன. கணினித் துறையில் பட்டம் பெறும் மாணவரைக் கேட்டால், நெட்வொர்க்கின் ஏழு அடுக்குகளையும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பார். ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் சொல்லிப் படமும் போட்டுக் காட்டுவார். ஆனால் செய்முறைப் பரீட்சையில் அவருக்குக் கொடுக்கப்படுவது எப்போதும் சரியாக ஓடும் கணினி. அனுப்பும் புரோகிராம் ஒன்று, பெறும் புரோகிராம் ஒன்று. ரெக்கார்டு நோட்டில் உள்ளபடி தட்டச்சு செய்தால், எதிர்பார்த்த விடை வரும். விடை வராத கணினியின் முன்னால் உட்கார்ந்து, அது ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்கும் சந்தர்ப்பம் நான்கு ஆண்டுகளில் ஒரு முறையும் வாய்ப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலோ அவருக்கு வாய்ப்பது அது மட்டுமே.

இதற்குப் பணம் இல்லை, உபகரணம் இல்லை என்ற சமாதானம் செல்லாது. 1991-ஆம் ஆண்டில் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸுக்கு விலை இல்லை. அதன் மூலநிரல் யாரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. நான் மேலே பெயர் சொன்ன கருவிகள் எல்லாம் அதனோடு இலவசமாகவே கிடைக்கின்றன. நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்னும் வசதியைக் கொண்டு, ஒரே கணினிக்குள் நாலைந்து கணினிகளும் அவற்றுக்கிடையே ரௌட்டர்களும் இருப்பதுபோல அமைத்துவிடலாம். கேபிள் கூட வேண்டாம். நம் அரசாங்கத்துக்கும் லினக்ஸ் அந்நியமல்ல. எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே அரசு அலுவலகங்களில் லினக்ஸைப் பரப்ப முயன்றது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்த கணினிகள் பலவற்றில், சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆய்வுக்கூடத்தையே மாணவர் மடியில் வைத்துவிட்டு, அதிலே சினிமா பார்ப்பதைத் தவிர வேறொன்றும் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டோம் என்றால், குற்றம் இளைஞர்கள் மீது அல்ல.

ஆகையால் நான் கேட்பவை இரண்டு. கல்லூரிகளிலே, நெட்வொர்க் செய்முறைப் பரீட்சையின் ஒரு பகுதியாவது பழுதான கணினியில் நடக்கவேண்டும். ஆசிரியர் ஒரு மடையை ரகசியமாக அடைத்து வைக்கட்டும்: ஒருவருக்கு ஃபயர்வால் விதி, ஒருவருக்குத் தவறான முகவரி, ஒருவருக்கு இல்லாத வழி, ஒருவருக்கு நிரம்பி வழியும் இடம். மாணவர் அதைச் சரிசெய்தாரா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். எந்த மடை வரையில் பாக்கெட் வந்ததை எந்த எண்ணைக் கொண்டு நிச்சயித்தார், எதை விலக்கினார், ஏன் விலக்கினார் என்று அவர் எழுதும் அரைப் பக்கத்துக்கு மதிப்பெண் கொடுக்கட்டும். தற்செயலாகச் சரிசெய்தவரைவிட, சரிசெய்ய நேரம் போதாமற்போயினும் ஒழுங்காகத் தேடியவருக்கு அதிக மதிப்பெண் கிடைக்கவேண்டும். இதற்குச் சிலபஸ் மாறும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. மனமுள்ள ஓர் ஆசிரியர் வருகிற திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம்.

அலுவலகங்களிலே, பொதுமக்களுக்குச் சேவை செய்யும் கணினிகளுக்கெல்லாம் ஒரு பழுதுப் பதிவேடு இருக்கவேண்டும். எப்போது நின்றது, எப்போது நடந்தது என்பவற்றோடு, நின்ற இடம் எது, அது எப்படித் தெரிந்தது என்ற இரண்டு பத்திகளும் அதில் கட்டாயம் இருக்கவேண்டும். கடைசி இரண்டு பத்திகளும் காலியாக உள்ள பதிவேட்டில் மேலதிகாரி கையெழுத்திடக் கூடாது. தேனியில் பெர்க்லி ஆராய்ச்சியாளர்களுக்கு, பழுதின் வேர் மின்சாரத்தில் இருக்கிறது என்பது புலப்பட்டது ஒவ்வொரு பழுதையும் அதன் காரணத்தோடு எழுதி வைத்ததால்தான். எழுதாமல் விட்டிருந்தால், அவர்கள் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருந்திருப்பார்கள். நம் அலுவலகத்துக் கவுண்ட்டர்களிலும், சர்வர் டவுன் என்று சொல்லப்படும் நாட்களில் எத்தனை நாள் உண்மையில் சர்வர் பழுது, எத்தனை நாள் மின்சாரம், எத்தனை நாள் மேஜைக்கு அடியில் கழன்ற கேபிள் என்பது அந்தப் பதிவேட்டினால் ஓர் ஆண்டுக்குள் விளங்கிவிடும். விளங்கினால், எதற்குப் பணம் செலவிடவேண்டும் என்பதும் தெரியும். தெரியாத வரையில், புதிய சர்வர்களாக வாங்கிக் குவிப்பது நின்றபாடில்லை.

அது வரையிலும், அடுத்த முறை கவுண்ட்டரில் உங்களை நாளைக்கு வரச் சொன்னால், கோபித்துக்கொள்ளாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: எதுவரை வேலை செய்கிறது என்று பார்த்தீர்களா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒருவராவது ஒவ்வோர் அலுவலகத்திலும் இருக்கவேண்டும் என்று கோருவதற்கு, வரி கொடுக்கும் நமக்கு முழு உரிமை உண்டு.